"இயற்கை நடை" என்று போடாதீர்கள்: புகன்வால்ட் காட்டுக்குப் பஸ் விடும் சுற்றுலா ஒழுங்கமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜேர்மனியில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களுக்கான அடுத்த வருடச் சுற்றுலாவின் துண்டுப்பிரசுரம் வட்ஸ்அப் குழுவில் வந்தது. இரண்டாம் நாளுக்கு நேரே இப்படிப் போட்டிருக்கிறீர்கள்: "காலை: வைமார் நகரம், கோதேயின் வீடு. மதியம்: எற்றர்ஸ்பேர்க் பீச் மரக்காட்டில் இயற்கை நடை, குழுப்படம், சாப்பாடு." போன வருடப் பிரசுரத்தில் இதே இடத்தில், நாஸிகள் அந்த மலையில் நடத்திய "புகன்வால்ட் வதைமுகாம்" என்று ஒரு வரி இருந்தது. இந்த முறை அதைக் காணவில்லை. போகிற மலையும் பஸ் நிற்கிற தரிப்பிடமும் அதேதான். பெயரை மட்டும் எடுத்துவிட்டீர்கள். குழுவில் ஒருவர் ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பெயரைக் கண்டால் ஆட்கள் புக் பண்ணுகிறார்கள் இல்லை. வெளிக்கிட்டுப் போவதே சந்தோசத்துக்குத்தானே" என்று பதில் போட்டீர்கள். அதற்குக் கீழே பெருவிரல் உயர்த்திய படங்கள் வரிசையாக விழுந்தன.

போன வருடம் உங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் நானும் ஒருத்தி. பஸ் நேரத்துக்கு வந்தது, ஹோட்டல் துப்புரவாக இருந்தது, சாப்பாட்டிலும் குறை சொல்ல முடியாது. காசைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. அந்தக் காட்டில் எங்களை வைத்து நீங்கள் செய்ததும், இப்போது செய்யப்போவதும் சரியில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். தனியாக எழுதியிருக்கலாம். போன வருடம் அப்படித்தான் எழுதினேன், பதில் வரவில்லை.

நீங்கள் "இயற்கை நடை" என்று விற்கும் காடு எது என்று முதலில் பார்ப்போம்.

எற்றர்ஸ்பேர்க் என்பது வைமாருக்கு வடக்கே ஏறத்தாழ 480 மீட்டர் உயரத்தில் நீண்டு கிடக்கும் மேடு. அங்கே நிற்கும் பீச் (beech) மரங்களுக்குச் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான அடிமரம், மேலே கூரை போட்ட மாதிரிக் கிளை, கீழே செம்பு நிறத்தில் பழைய இலைச் சருகு. உண்மையிலேயே வடிவான காடு, அதை நான் மறுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இது வைமார் கோமகன்களின் வேட்டைக்காடு. வடக்குப் பக்கத்தில் எற்றர்ஸ்பூர்க் மாளிகையில் கோமகள் அன்னா அமாலியா கோடைகாலத்தில் தங்குவார். நாடகம் போடுவார்கள், கவிதை வாசிப்பார்கள், ஜேர்மன் மகாகவி கோதேயும் அங்கே வந்து போனவர். மாளிகைக்கு மேலே காட்டுக்குள் நட்சத்திர வடிவத்தில் வெட்டிய வேட்டைப் பாதைகள் இருந்தன. 1808 ஒக்டோபரில் நெப்போலியனும் ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாண்டரும் அருகிலுள்ள எர்ஃபூர்ட்டில் கூடியபோது, அவர்களுக்காக இந்த மேட்டில்தான் வேட்டை ஏற்பாடு செய்தார்கள். மிருகங்களைத் துரத்திக்கொண்டு வந்து முன்னால் விட, விருந்தாளிகள் நின்ற இடத்தில் நின்று சுடுகிற வேட்டை. "சந்தோசமான" வரலாறுதான் வேண்டும் என்றால் இவ்வளவும் இருக்கிறது. இதைக்கூட உங்கள் வழிகாட்டி எங்களுக்குச் சொல்லவில்லை.

1937 யூலை 15ஆம் திகதி சக்ஸன்ஹவுசன் என்ற இன்னொரு நாஸி வதைமுகாமிலிருந்து 149 கைதிகளை இந்த மேட்டின் வடக்குச் சரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த முதல் வேலை பீச் மரம் தறிப்பது. தங்களை அடைக்கப்போகிற கொட்டில்களுக்கு இடம் வெளியாக்குவதற்காக அவர்களே மரம் விழுத்தி, வேர் கிண்டி, கல் சுமந்தார்கள். முகாமுக்கு எற்றர்ஸ்பேர்க் என்று பெயர் வைக்க வைமாரின் நாஸி கலாசாரக் காரர்கள் சம்மதிக்கவில்லை. அது கோதேயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மலையாம். அதனால் யாருக்கும் நோகாத, பீச் மரக்காடு என்ற அர்த்தம் மட்டும் வரும் புகன்வால்ட் என்ற பெயரைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் பிரசுரத்தைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உங்களை நாஸிகளோடு ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் அழகான காட்டின் பெயரைப் போட்டு மற்றதை மறைக்கும் வழி இந்த மலைக்குப் புதிதில்லை.

அடுத்த எட்டு வருடங்களில் புகன்வால்டிலும் அதன் துணை முகாம்களிலும் ஏறத்தாழ 2,80,000 பேர் அடைக்கப்பட்டார்கள். யூதர்கள், ஐரோப்பாவின் சிந்தி, ரோமா இனத்தவர்கள், கம்யூனிஸ்ட்டுகள், யெகோவாவின் சாட்சிகள், தன்பாலீர்ப்பாளர்கள், சோவியத் போர்க்கைதிகள், பிரெஞ்சு, போலந்து, டச்சு எதிர்ப்பாளர்கள். 56,000 பேர் வரை உயிரோடு திரும்பவில்லை. வைமாரிலிருந்து உங்கள் பஸ் ஏறி வந்த தெருவின் மேற்பகுதியைக் கைதிகள் 1938, 39இல் போட்டார்கள். அதற்கு இரத்தத் தெரு என்று பெயர். நாங்கள் அதில் ஏறும்போது பஸ்ஸில் பைலாப் பாட்டு, பின் சீட்டில் கைதட்டல். பயணிகளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எந்தத் தெருவில் போகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே. மைக் உங்கள் ஆளின் கையில்தான் இருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் குழுவில் உள்ள மற்றவர்களும் அறியட்டும். முழு இடத்துக்கும் நீங்கள் ஒதுக்கிய நேரம் ஒன்றரை மணித்தியாலம். ரொய்லட் வரிசை, குழுப்படம், சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். முகாமின் வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து, இரண்டு விரல் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்த இரும்புக் கதவில் "அவரவர்க்கு உரியது அவரவர்க்கு" என்று ஜேர்மனில் எழுதியிருக்கிறது. எழுத்து உள்ளே நிற்பவருக்குத்தான் நேராகத் தெரியும். அணிவகுப்பு மைதானத்தில் மணிக்கணக்காக நின்ற கைதி ஒவ்வொரு நாளும் வாசிப்பதற்காக அப்படி வைத்தது. எழுத்தை வடிவமைத்தவரும் ஒரு கைதிதான், பௌஹவுஸ் என்ற நவீன வடிவமைப்புக் கலைப் பள்ளியில் படித்த ஃபிரான்ஸ் ஏர்லிக். நாஸிகள் வெறுத்த பௌஹவுஸ் பாணியிலேயே அந்த எழுத்தை அவர் அமைத்துவிட்டார், காவலர்களுக்கு அது பிடிபடவே இல்லை. வாசலுக்கு மேலே உள்ள மணிக்கூடு 3.15 இல் நிற்கிறது. 1945 ஏப்ரல் 11, விடுதலையான நேரம். எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு ஐயா, "மணிக்கூடு பழுதாப் போச்சுது போல" என்றார். சிரித்துக்கொண்டு கடந்துவிட்டார்கள். வழிகாட்டிக்கும் தெரியவில்லை.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு வார இறுதியில் வேலைக்கு வந்தவர். நீங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அவர் அதை வாசித்தார். அந்தத் தாளில்தான் பிழை. "இங்கே விஷவாயு அறையில் இலட்சக்கணக்கானவர்களைக் கொன்றார்கள்" என்று எழுதியிருந்தது. புகன்வால்டில் விஷவாயு அறை இருக்கவில்லை. இங்கே ஆட்கள் செத்தது பட்டினியாலும் நோயாலும், கல்லுடைக்கும் குழியிலும், தூக்கிலும், துப்பாக்கியாலும். ஒரு குதிரைலாயத்தை மருத்துவப் பரிசோதனை அறை போல மாற்றி, உயரம் அளப்பதாகச் சுவரோரம் நிறுத்திப் பின்னால் இருந்து கழுத்தில் சுட்டு, 8,000க்கும் மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகளைக் கொன்றார்கள். நடந்ததே போதும் போதும் என்கிற அளவு இருக்கும்போது, நடக்காததை ஏன் சேர்க்க வேண்டும்? இப்படி ஒரு பிழை கிடைத்தால் போதும், "பார், எல்லாமே கட்டுக்கதை" என்று சொல்வதற்கென்றே இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தவள். "இல்லை அண்ணா, காஸ் கொண்டு கொன்றது அவுஷ்விட்ஸ் மாதிரியான இடங்களில். இங்கே வேறு" என்று மெல்லச் சொன்னாள். "பெரியாக்கள் கதைக்கேக்க நடுவில வராதை" என்று அவளை அடக்கியது உங்கள் நிறுவனத்தின் பொறுப்பாளர். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பிள்ளை அதன் பிறகு பஸ் ஏறும்வரை வாய் திறக்கவில்லை. அன்று அங்கே வந்தவர்களில் அவளிடம்தான் சரியான விஷயம் இருந்தது.

இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். உங்கள் தாளில், முகாமுக்கு வடக்குப் பக்கக் காட்டைக் காட்டி "இந்த மரங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவை" என்று ஒரு வசனம் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகாம் நிலத்திலும் அதன் ஓரத்திலும் நிற்கும் பல மரங்கள் யுத்தத்துக்குப் பிறகு முளைத்தவை. கைதிகளைக் கும்பலாக அடைத்துச் சாகவிட்ட "சின்ன முகாம்" இருந்த இடத்தையே காடு மூடிவிட்டது. பிறகு வெளியாக்கி 2002இல்தான் அங்கே நினைவுச்சின்னம் அமைத்தார்கள். அந்த இடத்தில் மரம் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, மறைத்துக்கொண்டு நின்றது. இது உங்கள் வசனத்தைவிட எவ்வளவோ பெரிய செய்தி.

இனிச் சாப்பாட்டு விஷயம். எதை நினைத்தாலும் இதுதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

முகாமைச் சுற்றி வந்த பிறகு, கீழே உள்ள காட்டுக்குள் "நிழலில் இருந்து சாப்பிடுவோம்" என்று கூட்டிப் போனீர்கள். ரோல்ஸ், பற்றிஸ், புரியாணிப் பார்சல், பெரிய தேர்மோஸில் தேத்தண்ணி. மரங்களுக்கு இடையே அங்கங்கே உருக்குக் கம்பங்கள் நட்டிருந்தன. எழுத்து ஒன்றும் இல்லாத வெறும் கம்பங்கள். ஒரு பெடியன் தன் தோள்பையை ஒரு கம்பத்தில் கொழுவினான். இன்னொருவர் கம்பத்தில் முதுகு சாய்த்துக்கொண்டு பார்சலைப் பிரித்தார். எங்களோடு வந்த வயதான அம்மா ஒருவர் கம்பங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, இது என்னத்துக்கு நட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார். வரமுன் கொஞ்சம் வாசித்திருந்ததால் எனக்குத் தெரியும். சொன்னேன்.

1945இல் அமெரிக்கர்கள் போய் சோவியத் இராணுவம் வந்தபின், அதே கொட்டில்களை அவர்களும் தடுப்பு முகாமாக நடத்தினார்கள். சிறப்பு முகாம் இலக்கம் 2. 1950 வரை இருந்தது. ஏறத்தாழ 28,000 பேர் உள்ளே. நாஸிக் கட்சியின் உள்ளூர்க் காரியக்காரர்கள் கணிசம், கூடவே சும்மா பிடித்து அடைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். பசியாலும் நோயாலும் 7,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வீட்டுக்கு ஒரு கடிதம் கிடையாது, செத்தால் அறிவிப்பும் கிடையாது. காட்டுக்குள் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள், மேலே மரம் வளர்ந்துவிட்டது. கிழக்கு ஜேர்மனி இருந்த காலம் முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை. பேர்லின் சுவர் விழுந்த பிறகுதான் குழிகள் இருந்த இடங்களில் இந்தக் கம்பங்களை நட்டார்கள். நாங்கள் இருந்து புரியாணி சாப்பிட்டது அதற்கு மேலே.

அந்த அம்மா பார்சலை மூடிப் பைக்குள் வைத்தார். "பேர் விபரம் ஒண்டும் போடேல்லையே" என்று மட்டும் கேட்டார். பிறகு எழும்பிப் போய் பாதையோரம் நின்றுகொண்டார், பஸ் வெளிக்கிடும்வரை அங்கேதான். பெயரில்லாத புதைகுழி என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. "அந்தப் பெயரைக் கண்டால் ஆட்கள் புக் பண்ணுகிறார்கள் இல்லை" என்று எழுதினீர்களே, உங்கள் பஸ்ஸில் யார் வருகிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பாருங்கள். எண்பதுகளில் பேர்லின் வழியாக வந்து அகதி முகாமில் மாதக்கணக்காகக் கிடந்தவர்கள், தம்பியைத் தேடிக் கடிதம் எழுதி எழுதிக் களைத்தவர்கள். அவர்கள் சோகத்துக்குப் பயந்தவர்கள் இல்லை. தெரியாமல் ஒரு இடுகாட்டில் இருந்து சாப்பிட்டோம் என்று பிறகு தெரியவருவதுதான் அவர்களுக்கு அவமானம்.

இது தமிழரின் பிரச்சினை மட்டும் என்று நான் சொல்லவரவில்லை. 2021 ஜனவரியில் பனி கொட்டிய நாட்களில், கொரோனாக் காலம், வேறு போக்கிடம் இல்லை என்று சுற்றுவட்டார ஜேர்மன் குடும்பங்கள் பனிச்சறுக்குப் பலகைகளோடு அங்கே வந்து புதைகுழிகள் வரைக்கும் சறுக்கி விளையாடின. நினைவிடம் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. 2022 யூலையில், முகாமில் செத்தவர்களின் ஞாபகமாக வைமார்ப் பக்கம் நட்டிருந்த ஏழு மரங்களை யாரோ வெட்டி முறித்துப் போட்டார்கள். கொல்லப்பட்ட பிள்ளைகளுக்காக நட்ட மரமும் அதில் ஒன்று. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, "இயற்கையை ரசியுங்கள்" என்று விடப்போகிறீர்கள்.

"ஒன்றரை மணித்தியாலத்தில் இதுக்கு மேல என்ன காட்டலாம்?" என்று அன்று உங்கள் பொறுப்பாளர் என்னைக் கேட்டார். காட்டலாம். மைதானத்தில், தரையோடு தரையாக ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறது. விடுதலையாகி எட்டாம் நாள், கைதிகள் செத்தவர்களுக்காக மரத்தில் ஒரு தூண் செய்து அந்த மைதானத்தில் நட்டு அஞ்சலி செலுத்தினார்கள். அதன் ஞாபகமாக 1995இல் ஹோர்ஸ்ட் ஹோஹைசல், அன்ட்ரேயாஸ் க்னிற்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் செய்த தகடு. எந்தெந்த மக்களைச் சேர்ந்தவர்கள் அங்கே அடைபட்டார்களோ அந்தப் பெயர்கள் அதில் இருக்கின்றன. குனிந்து கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும். கோடையோ மாரியோ, அதை எப்போதும் 37 பாகையில், மனித உடம்பின் சூட்டில், வைத்திருக்கிறார்கள். அந்தச் சரிவில் எப்போதும் அடிக்கும் குளிர்காற்றில் நின்றுவிட்டுக் கையை வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாங்கள் அதன் மேலால் நடந்து போனோம். அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

முள்வேலிக்கு வெளியே, சுடுகாட்டுக் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு கரடிக்கூண்டின் கற்சுவர் இடிபாடாகக் கிடக்கிறது. அது 1938இல் கைதிகளைக் கொண்டு கட்டிய மிருகக்காட்சிசாலை. காவலர்கள் பெண்சாதி பிள்ளைகளோடு பொழுதுபோக்குவதற்குக் கட்டியது. கரடியும் குரங்கும் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வேலிக்கு உள்ளே நடப்பதும் தெரிந்தது. 1945 ஏப்ரல் 16ஆம் திகதி அமெரிக்க இராணுவம் வைமார் ஆட்கள் ஆயிரம் பேரை மலை ஏற வைத்து, குவிந்து கிடந்த பிணங்களைப் பார்க்கச் சொன்னது. பலர் அழுதார்கள், பலர் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். கோதே வீட்டையும் இந்தக் கூண்டையும் ஒரே நாளில் பார்க்கிற வாய்ப்பு உங்கள் பயணிகளுக்கு இருக்கிறது. வைமாரின் முழுக்கதையே அதுதான். காலையில் ஒரு பாதியைக் காட்டிவிட்டு மற்றப் பாதியை ஒளிக்கிறீர்கள்.

கோதே என்றதும் இன்னொன்று. முகாமுக்குள் ஒரே ஒரு பெரிய ஓக் மரத்தைத் தறிக்காமல் விட்டிருந்தார்கள். கைதிகள் அதைக் கோதே ஓக் என்றார்கள். 1944 ஓகஸ்ட் 24ஆம் திகதி முகாமோடு ஒட்டியிருந்த ஆயுதத் தொழிற்சாலையின் மேல் குண்டு விழுந்தபோது அது எரிந்தது. பிறகு வெட்டினார்கள், அடிக்கட்டை இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றி எங்கள் சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாட, ஒருவரும் தடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்: பால்குடியிலிருந்து ஆறேழு வயது வரை பஸ்ஸில் நிறையப் பேர் இருந்தார்கள். சுடுகாட்டு உலைக்கு முன்னால் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. தாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிள்ளையை வெளியே வைத்திருப்பா. பிரசுரத்தில் பெயரை எடுத்துவிட்டால் அடுத்த வருடம் இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகள் அழும்?

உண்மையிலேயே பீச் மரக்காட்டைத்தான் காட்ட வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வைமாரிலிருந்து மேற்கே, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டினால் ஹைனிக் தேசியப் பூங்கா. 7,500 ஹெக்டேர். ஜேர்மனியின் பழைய பீச் காடுகளில் ஒன்றாக 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நீண்டகாலம் இராணுவப் பயிற்சி நிலமாக இருந்ததால் மரம் தறிப்போர் கைவைக்காமல் தப்பிய காடு. பாட் லாங்கன்சால்சாவுக்குப் பக்கத்தில் மர உச்சிகளின் உயரத்தில் நடைபாலம் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். குழுப்படம் எடுக்கலாம், சாப்பாட்டை விரிக்க மேசை வாங்கு இருக்கிறது, பாட்டும் போடலாம். ஒரே தூரிங்கன் மாநிலத்துக்குள் இரண்டு காடும் இருக்கும்போது, ஒன்றின் வேலையை மற்றதிடம் வாங்காதீர்கள்.

நான் கேட்பது இவைதான்.

பிரசுரத்தில் "புகன்வால்ட் வதைமுகாம் நினைவிடம்" என்று முழுப்பெயரையும் போடுங்கள். இந்தக் கிழமையே திருத்துங்கள், ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வரவேண்டாம் என்று நினைப்பவர்கள் அந்த நேரம் வைமாரிலேயே நிற்க வசதி செய்யுங்கள். நகரத்திலிருந்து மலைக்கு அரச பஸ்ஸும் ஓடுகிறது, ஆகவே ஆட்களை இரண்டாகப் பிரிப்பது பெரிய தலையிடி இல்லை. சின்னப் பிள்ளைகளோடு வருகிற தாய்தகப்பனுக்கு இதை முதலே சொல்லுங்கள்.

நேரத்தைக் கூட்டுங்கள். குறைந்தது நான்கு மணித்தியாலம். அது முடியாது என்றால் அந்த இடத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு நிற்பதைவிட நிற்காமல் போவது மரியாதை. "இயற்கை நடை"யை ஹைனிக்குக்கு மாற்றுங்கள்.

உங்கள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நினைவிடத்தின் சொந்த வழிகாட்டிகளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். உள்ளே போக நுழைவுக்கட்டணம் கிடையாது, வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசைத் தலைக்குப் பிரித்தால் ஒரு தேத்தண்ணிக் காசு வருமோ தெரியாது. ஜேர்மன் விளங்காத பெரியவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றால், நான் வருகிறேன், காசு வேண்டாம். அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் கேளுங்கள். அதற்கு முதல் அவளிடம் உங்கள் பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இரத்தத் தெருவில் ஏறுவதற்கு முதல் பாட்டை நிற்பாட்டுங்கள். சாப்பாட்டை வைமாரில் முடித்துவிட்டு ஏறுங்கள். முகாமுக்குள்ளும் வடக்குக் காட்டுக்குள்ளும் சாப்பாடு விரிப்பதில்லை என்று உங்கள் விதிகளில் எழுதுங்கள். கம்பங்கள் எதற்கு என்று பஸ்ஸிலேயே சொல்லுங்கள்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். பிரசுரம் போட்ட அதே குழுவில் போடுங்கள். திருத்திய பிரசுரம் வந்தால், குடும்பத்தோடு நான் முதலில் பெயர் தருகிறேன். வராவிட்டால் இந்த மடலை மற்றக் குழுக்களுக்கும் நானே அனுப்புவேன்.